ஆளுக்கு இரண்டு

அண்ணனின் நோயை முதலில் பார்த்தது நான்தான். டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, அவருக்கே தெரிவதற்கு முன்பே.

நர்கிஸ் புயலுக்கு மூன்று வருஷம் முன்னால் அது. ரங்கூனின் லத்தாப் பேட்டையில் ஒரு மாடியில் இருந்த தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலம். பகலில் பாதி நேரம் கரண்டு இருக்காது. ஜெனரேட்டரைக் குளிர்பெட்டிக்கு மட்டும்தான் போடுவார் முதலாளி. ஆகவே பழைய மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் நகர்த்தி, அதன் அடியில் இருக்கும் சின்னக் கண்ணாடியை வானத்தின் பக்கம் திருப்பி, கிடைத்த வெளிச்சத்தில் வேலை செய்வேன்.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மெஷின்களை ரிப்பேர் செய்வது அவர் தொழில். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தாமுவே பேட்டை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் என்று எதுவும் இல்லை, நாள் ஓடிவிட்டது. அன்று மத்தியானம் அவர் கருவிப் பையோடு படியேறி வந்தார். மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"பாப்பா, லுங்கி முடிச்சு நிக்கவே மாட்டேங்குது. இடது பக்கம் உள்ள என்னமோ தள்ளுது. நாலு வாய் சாப்பிட்டா வயிறு நெறஞ்சிடுது. பூச்சியா இருக்கும். கொஞ்சம் பாரேன்."

விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுத்தேன். கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஊற்றி, காயவைத்துப் பார்த்தேன். நல்ல ரத்தத்தில் வெள்ளை அணுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அண்ணனுடையதில் தேடவே வேண்டியிருக்கவில்லை. எங்கே நகர்த்தினாலும் வெள்ளை அணுக்கள். முதிர்ந்தவை, பாதி முதிர்ந்தவை, எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரவே கூடாத இளம் அணுக்கள், எல்லாம் முண்டியடித்துக்கொண்டு நின்றன. கண்ணாடித் துண்டு மாறிப்போய்விட்டதோ என்று இன்னொரு விரலைக் குத்தினேன். அதிலும் அதேதான்.

"என்ன பாப்பா, பூச்சியா?"

"தெரியலண்ணே. ஸயாகிட்ட காட்டிட்டுச் சொல்றேன்."

டாக்டரையும் வாத்தியாரையும் பர்மியர்கள் ஸயா என்பார்கள், பெண் என்றால் ஸயாமா. நாங்களும் அப்படித்தான். தெரியவில்லை என்று நான் சொன்னது பொய்.

ரத்த நோய்களைப் பார்க்கும் அந்த ஸயா பக்கத்துத் தெருவில் சாயங்காலம் கிளினிக் வைத்திருந்தார். அண்ணனைப் படுக்கவைத்து இடது விலாவின் கீழே விரல்களை வைத்தார். மண்ணீரல் தொப்புள் வரை வந்திருந்தது. பிறகு எழுந்து உட்காரச் சொல்லி, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். ரத்தப் புற்றுநோய் என்பதை எங்களிடம் ஒளிக்கவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை.

மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, முனைகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒட்டிய இடத்தில் இருக்கக் கூடாத ஒரு ஜீன் உண்டாகிவிட்டது. அந்த ஜீன் ஒரு என்சைமைச் செய்கிறது. அந்த என்சைமுக்கு ஒரே வேலை, மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது. பாஸ்பேட் ஒட்டிய புரதம் விழித்துக்கொள்ளும், எடுத்தால் அடங்கும். நல்ல செல்லில் இந்த வகை என்சைம், ஒட்டு என்றால் ஒட்டும், நிறுத்து என்றால் நிறுத்தும். இது நிறுத்தாது. அதனால் பெருகு, பெருகு என்ற கட்டளை ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அண்ணன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பர்மிய மொழியில் சொன்னார். "ஸ்டார்ட் பட்டன் உள்ள போய் மாட்டிக்கிச்சு. பேப்பர் வந்துகிட்டே இருக்கு. அப்படித்தானே ஸயா?"

ஸயா சிரித்தார். "அப்படித்தான். ஆனா உன் மெஷினைத் திறக்கலாம். இதைத் திறக்க முடியாது."

ரங்கூனில் கிடைத்த மருந்து, செல்கள் பிரிவதற்கு வேண்டிய மூலப்பொருளைத் தயாரிக்கும் வேறொரு என்சைமை முடக்குவது. எண்ணிக்கை குறையும். ஆனால் கெட்ட என்சைமை அது தொடாது. வேறொரு மருந்து வந்திருக்கிறது, அது அந்தக் கெட்ட என்சைமின் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும், பாஸ்பேட் வந்து உட்கார இடமிருக்காது என்றார் ஸயா. சென்னையில் கிடைக்கும் என்றும் சொன்னார்.

எங்கள் பரிசோதனை நிலையத்துக்குக் கீழே துணிக்கடை வைத்திருந்த பாய், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சென்னைக்குப் போய் வருபவர். அவர் தாத்தா ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்து இதே தெருவில் கடை போட்டவர். பாய் அண்ணனின் ரத்தத்தை டீ ஃபிளாஸ்க்கில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஒரு மாதம் கழித்து ரிப்போர்ட்டோடும், கைலிக் கட்டுக்கு நடுவே வைத்த மருந்துப் பெட்டிகளோடும் வந்தார்.

"தங்கச்சி, நீ எழுதிக் குடுத்த நோயோட பேருதான் ரிப்போர்ட்டுல போட்டிருக்கு. மருந்து ஒரு நாளைக்கு நாலு. சோத்தோட போட்டு ஒரு செம்பு தண்ணி குடிக்கணுமாம். துவாவுல சொல்றேன், பயப்படாதே."

அப்பா விட்டுப்போன வீட்டின் முன்பாதியை விற்று அந்த மருந்தை வாங்கினோம்.

ஒரு மாதத்தில் அண்ணனுக்கு மண்ணீரல் கைக்குத் தட்டுப்படவில்லை. கண்களைச் சுற்றி வீங்கியது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, ஆனால் தட்டு நிறைய மீன்குழம்புச் சேமியா மொஹிங்கா சாப்பிட்டார். அவர் ரத்தத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இளம் அணுக்கள் காணாமல் போயின. வெள்ளை அணுவைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது மாதம் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அண்ணன் பழையபடி உரக்கப் பாடியதை, என் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

ஸயாவின் கிளினிக்கில் அதே நோயோடு ஒரு பர்மியப் பெண் வந்துகொண்டிருந்தாள். ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைப்பவள். புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். ரங்கூனில் கிடைத்த அந்தப் பழைய மருந்துதான் அவளுக்கு. பெஞ்சில் காத்திருக்கும்போது அண்ணனும் அவளும் பேசிக்கொள்வார்கள். அவள் அவரை 'அகோ' என்பாள், அவர்கள் பாஷையில் அண்ணன். அவள் ரத்தமும் மாதாமாதம் என்னிடம்தான் வரும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அவள் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தேன். திரும்பவும் பார்த்தேன். பழைய மருந்தில் எண்ணிக்கை இறங்கும், ஆனால் ரத்தம் இப்படிச் சுத்தமாகாது. அவளுடையது சுத்தமாகியிருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த வாரமே அண்ணனின் முறை வந்தது. அவருடையதில் இளம் அணுக்கள் திரும்பி வந்திருந்தன. ஒன்று, இன்னொன்று, அப்புறம் கூட்டமாக.

இரண்டு ரிப்போர்ட்டுகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் காலை அண்ணன் சாப்பிடும்போது அடுப்பங்கரையில் நின்று பார்த்தேன். நான்கு கேப்சூல்களைப் பிரித்தார். இரண்டை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். மற்ற இரண்டைப் பேப்பரில் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அது யாருக்குண்ணே?"

அவர் திடுக்கிடவில்லை. என்றைக்காவது கேட்பேன் என்று காத்திருந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. ஆளுக்கு ரெண்டு. ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கோம்."

"நீங்க நல்லா இல்ல. நேத்து பாத்தேன். திரும்பி வந்திருச்சு."

"கொஞ்சம் வரும், போவும்."

"அப்படி இல்லண்ணே. பாதி மருந்து போட்டா பாதி செல்லு பொழச்சுக்கும். பொழச்சது சும்மா இருக்காது. அந்தக் குழி வடிவம் மாறின செல்லு ஒண்ணு இருந்தாப் போதும், அதுதான் பெருகும். அப்புறம் நாலு போட்டாலும் எட்டு போட்டாலும் மருந்து அதுல உக்காராது. ரெண்டு பேரும் பொழைக்கிற கணக்கு இல்ல இது."

"அவளுக்குப் பொண்ணு இருக்கு பாப்பா."

"எனக்கு நீங்க இருக்கீங்க."

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். "என்னால அவகிட்டப் போய் நிறுத்திட்டேன்னு சொல்ல முடியாது. பெஞ்சில பக்கத்துல உக்காந்திருக்கிறவகிட்ட எப்படிச் சொல்றது? உனக்குத் தைரியம் இருந்தா நீ போய்ச் சொல்லு."

எனக்குத் தைரியம் இருக்கிறதா என்று அதுவரை நான் யோசித்ததில்லை. முதலில் ஸயாவிடம் போனேன். நடந்ததைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். பாதி மருந்து இரண்டு பேருக்கும் ஆபத்து என்றார். "அவளும் என் நோயாளி. அவளுக்குக் கொடுக்காதேன்னு என் வாயால சொல்ல வைக்காதே," என்றும் சொன்னார்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறினேன். ஷ்வேப்யிதா வடக்கே கடைசி. இரண்டு பஸ் மாறி, தொழிற்சாலைச் சுவர்களைத் தாண்டி, முழங்கால் வரை சேறாக இருந்த சந்தில் விசாரித்து விசாரித்துப் போனேன். மூங்கில் சுவர், தகரக் கூரை. அவள் வாசலில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஸயாமா, என் ரத்தத்தில ஏதாவது கெட்டுப்போச்சா?" என்றாள்.

"இல்லை. நல்லா இருக்கு."

அவள் முகம் மலர்ந்தது. மகளைக் கடைக்கு அனுப்பி எனக்கு டீ வாங்கிவரச் சொன்னாள். அந்த டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்தியாவில் யாரோ தானமாகக் கொடுப்பது, தனக்கு மீதம் வருகிறது என்று அண்ணன் சொல்லியிருந்தாராம். மீதம் இல்லை, அவர் பங்கிலிருந்து எடுத்தது என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், கெஞ்சுவாள் என்றும் நினைத்தேன். இரண்டுக்கும் பதில் தயார் செய்துகொண்டு பஸ்ஸில் வந்திருந்தேன். அவள் உள்ளே போய், புத்தர் படத்துக்குக் கீழே இருந்த டப்பாவை எடுத்து வந்தாள். அதில் இருந்த கேப்சூல்களைக் கைக்குட்டையில் கொட்டி முடிந்து என் முன்னால் வைத்தாள்.

"அகோவுக்குக் குடுங்க. நான் தெரியாம சாப்பிட்டுட்டேன்."

நான் வாங்கிக்கொண்டேன்.

வேண்டாம், இதை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மருந்தைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாம் அதற்கு எதிராக இருந்தது. இருந்தாலும் ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். மகள் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்த டீயைக் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது. சந்து முனை வரை அவள் கூடவே வந்து, சேறு இல்லாத பக்கத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினாள்.

கைக்குட்டையைப் பார்த்ததும் அண்ணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதன் பிறகு தினமும் என் கண்ணெதிரே நான்கையும் விழுங்கினார். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை ஒன்றும் இல்லை. கேட்டால் ஆமாம், இல்லை என்பார். கிளினிக்குக்கு அவள் வரும் நாட்களில் போவதைத் தவிர்த்தார். அவள் எப்போதும்போல மாதாமாதம் வந்து விரலை நீட்டுவாள். அவள் ரத்தத்தில் இளம் அணுக்கள் திரும்பிக்கொண்டிருந்தன. ரிப்போர்ட்டில் எண்ணைக் குறிப்பது என் வேலை. குறித்தேன்.

அண்ணனுக்கு அந்த நான்கு கேப்சூல் கேட்டது, சில மாதங்கள். பிறகு கேட்கவில்லை. ஸயா ஆறாக உயர்த்தினார். அதற்கும் ஒரு அசைவும் இல்லை. பாய் மறுபடியும் ஃபிளாஸ்க்கைச் சென்னைக்குக் கொண்டுபோனார். என்சைமில் ஒரே ஒரு இடம் மாறியிருக்கிறது, அதனால் குழியில் மருந்து பொருந்தவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதற்கும் புதிய மருந்து வந்திருப்பதாக ஸயா சொன்னார். அதை வாங்கிவர பாயால் முடியவில்லை.

"பாதி போட்டதாலயா ஸயா?" என்று தனியாகக் கேட்டேன்.

"இருக்கலாம். முதல் நாளே அப்படி ஒரு செல் உள்ளே இருந்திருக்கவும் செய்யலாம். முழுசாப் போட்டிருந்தாலும் இதே இடத்துக்கு வந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது," என்றார்.

பிறகு புயல் வந்தது. எங்கள் தெருவில் இருந்த பெரிய மரங்கள் எல்லாம் வேரோடு சாய்ந்து, வீடுகளின் மேல் கிடந்தன. தண்ணீர் இல்லை, கரண்டு இல்லை, போன் இல்லை. பின்பாதி வீட்டின் ஓடு பாதி பறந்துபோயிருந்தது. அண்ணன் அதற்குள் எலும்பும் தோலுமாகியிருந்தார், வயிறு மட்டும் முன்தள்ளி. மூன்றாம் நாள், நான் மழைத்தண்ணீரை வாளியில் பிடித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார்.

"பாப்பா."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாளியை வைத்துவிட்டு ஓடினேன்.

"அவ வீடு தகரக் கூரைதானே. என்னாச்சுன்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

தலைமாட்டிலிருந்து மருந்துப் பெட்டிகளை எடுத்தார். ஆறு போட்டும் கேட்காமல் போன பிறகு மிஞ்சிய பெட்டிகள். தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

"எனக்கு இது வேலை செய்யாது. அவளுக்குச் செய்யும்ல?"

"செய்யலாம். அவளும் பாதி சாப்பிட்டவதான். சொல்ல முடியாது."

"கொண்டுபோய்க் குடு. நாலா சாப்பிடச் சொல்லு. நீதான் வெவரமாச் சொல்லுவியே."

அதை அவர் குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று தெரியவில்லை. முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

பஸ் ஓட ஆரம்பித்த அன்றே போனேன். கூரை இல்லை. தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அதன் கீழே தாயும் மகளும் இருந்தார்கள். உயிரோடு இருந்தார்கள். பெட்டிகளை நீட்டியதும் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் ஸயாமா. அகோவோடது."

"இது அவருக்கு இனிமே ஆகாது. அவர்தான் குடுத்தனுப்பினார். தினமும் நாலு. யாருக்கும் பங்கு வைக்காதீங்க, யார் கேட்டாலும்."

கடைசியாகச் சொன்னதை அண்ணன் என்னிடம் சொல்லி அனுப்பவில்லை. நானாகச் சொன்னது. அவள் பெட்டிகளை வாங்கி, தார்ப்பாய்க்குக் கீழே நனையாத இடமாகப் பார்த்து வைத்தாள். பிறகு தரையில் மண்டியிட்டு, தாமுவே இருக்கும் திசையைக் கேட்டு, அந்தப் பக்கமாகக் கும்பிட்டாள்.

அண்ணன் மழை முடியும் முன்னால் போய்விட்டார். கடைசி வாரங்களில் இளம் அணுக்கள் முற்றிலும் கட்டுமீறிப்போய்விட்டன. அந்த ரத்தத்தை நான் பார்க்கவில்லை. வேறொருவரைப் பார்க்கச் சொன்னேன். அடக்கத்துக்கு அவளும் மகளும் வந்திருந்தார்கள். பாய், கல்லறைத் தோட்டத்து வாசலில் தொப்பியோடு கடைசி வரை நின்றார்.

அவளுக்கு மருந்து வேலை செய்தது. பெட்டிகள் தீரும் சமயத்தில், வெளிநாட்டிலிருந்து தானமாக வரும் மருந்துப் பட்டியலில் ஸயா அவள் பெயரைச் சேர்த்துவிட்டார். அண்ணன் அவளிடம் சொன்ன பொய் அப்படியே நிஜமாகிவிட்டது. அந்தப் பட்டியல் இரண்டு வருஷம் முந்தி வந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

இரண்டு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள். உடம்பு தேறிவிட்டது. போன மாதம் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள்.

"ஸயாமா, ஒண்ணு கேக்கணும். நீங்க இன்னும் முந்தியே வந்து சொல்லியிருந்தா, அகோ போயிருக்க மாட்டாரோ? நான் சாப்பிட்ட ரெண்டாலதான் அவருக்குப் போதாம போச்சோ?"

இத்தனை நாளாக அவளும் இதையேதான் சுமந்துகொண்டிருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஸயா என்னிடம் சொன்னதையே அவளிடம் சொன்னேன். முதல் நாளே அந்தச் செல் உள்ளே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது என்று. அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நானே அதை முழுசாக நம்பியவள் இல்லை.

மகள் எட்டாம் வகுப்பு பாஸாகிவிட்டாளாம். அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அடுத்த ஆள் ஏற்கெனவே விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.